அடைப்புக்குறிக்குள் ஒரு நூலகர்

"பேரை எடுக்கணுமா?" நூலகர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பேரு வரணும்னுதானே எழுதினதே!"

"கத்தாதீங்க, கடைல ஆளு இருக்காங்க" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க அப்படித்தான் போட்டிருக்கு. 'கட்டுரையில் எந்த இடத்திலும் ஆசிரியரின் பெயரோ அவரை அடையாளம் காட்டும் குறிப்போ இருக்கக் கூடாது.' எடுத்தாத்தான் அடுத்த பக்கத்துக்கே விடும்."

அது அவளுடைய சலவைக் கடை. ரசீது போடுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று மேசையில் இருந்தது. சுற்றிலும் கம்பிகளில் மற்றவர்களின் கோட்டும் சட்டையும் தொங்கின. பின்பக்கம் ஆவி இயந்திரம் புஸ் புஸ் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நூலகருக்கு இரண்டு விரலால்தான் தட்டச்சு வரும். அதில் ஒன்று சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் பொறுப்பு மனைவி தலையில் விழுந்திருந்தது.

"அப்ப யார் எழுதினதுன்னு படிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதாம். ரெண்டு பேர்கிட்ட படிக்கக் குடுப்பாங்க. எழுதினது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, படிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அப்பதான் முகத்துக்காக யாரும் பொய் சொல்ல மாட்டாங்களாம்."

"கண்ணாமூச்சி ஆடற வயசா இது!"

ஆனாலும் பெயரை எடுத்தார். எடுக்க மனசே வரவில்லை. வருமா பின்னே? கல்லூரி நூலகத்தில் பதினெட்டு வருடம். அலமாரி அலமாரியாக ஆய்விதழ்கள் வந்து இறங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அவர் கையால் முத்திரை குத்தியிருக்கிறார். உள்ளே யார் யார் பெயரோ இருக்கும், அவர் பெயர் மட்டும் இருக்காது.

அதைவிடப் பெரிய சங்கடம் அவர் அறை வாசலில் தொங்கியது. 'நூலகர் (பொறுப்பு)' என்று ஒரு பலகை. பழைய நூலகர் ஓய்வு பெற்ற அன்று, தற்காலிகமாக என்று சொல்லி எழுதினார்கள். தற்காலிகத்துக்குப் பதினோரு வயதாகிவிட்டது. கல்லூரி முதல்வர் போன மாதம் கூப்பிட்டு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"ஆய்விதழ்ல உங்க பேர்ல ஒரே ஒரு கட்டுரை வரட்டும். அடைப்புக்குறியைத் தூக்கிடலாம். ஆனா இந்தக் கல்வியாண்டு முடியறதுக்குள்ள வரணும். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் போட்டுருவாங்க. அப்புறம் நீங்க அவருக்கு உதவியாத்தான் இருக்கணும்."

கட்டுரைக்கு விஷயம் கைவசம் இருந்தது. திரும்பி வரும் புத்தகங்களில் எந்தப் பக்கத்தில் என்ன கறை என்று பதினெட்டு வருடமாக நோட்டுப் போட்டு எழுதி வந்திருந்தார். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். கறைகளில் பாதிக்கு மேல் முதல் நாற்பது பக்கங்களிலேயே இருந்தன. ஆகவே, நாற்பதாம் பக்கத்துக்கு மேல் எவரும் புத்தகம் படிப்பதில்லை! இந்த முடிவைக் கண்டுபிடித்த அன்று அவர் நூலகத்துக்குள் ஓடினார். 'ஓடாதே' என்ற பலகையை மாட்டியவரே அவர்தான்.

"இன்னொண்ணு கேக்குது" என்றாள் மனைவி. "'இந்தப் பொருளில் அனுபவம் உள்ள இரண்டு மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கவும்.'"

"எங்க நூலகத்துல மூணாவது அலமாரில காகிதப் பாதுகாப்பு பத்தி ஒரு தடிப் புத்தகம் இருக்கு பாரு, அதை எழுதின பேராசிரியரைப் போடு. பெரிய ஆளு."

"போட்டாச்சு. ரெண்டாவது?"

அப்போது போன் அடித்தது. நூலகத்தில் தரையெல்லாம் தண்ணீராம்.

"ஐயோ, கீழ்த் தட்டுல அகராதி இருக்கே! கறையைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆளா பாத்து நீயே போட்டு அனுப்பிரும்மா!" என்று கத்திக்கொண்டே நூலகர் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால் குடிதண்ணீர்க் குடம் கவிழ்ந்திருந்தது, அவ்வளவுதான். துடைத்து முடிப்பதற்குள் கைபேசியில் கடிதம் வந்துவிட்டது.

'தங்கள் கட்டுரை கிடைக்கப்பெற்றோம். எங்கள் ஆய்விதழைத் தேர்ந்தெடுத்தமைக்கு மிக்க நன்றி.'

நூலகர் அதை மூன்று தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. வேண்டாத பொருளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? அதுவும் மிக்க நன்றி! கையில் ஈரத் துடைப்பத்தோடு முதல்வர் அறைக்குள் நுழைந்தார்.

"எடுத்துக்கிட்டாங்க சார்! பத்தே நிமிஷத்துல எடுத்துக்கிட்டாங்க!"

முதல்வரும் நல்ல மனிதர்தான். எழுந்து கை கொடுத்தார். கை நனைந்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. உடனே பெயிண்டரை வரச் சொன்னார். பெயிண்டர் ஏணியைச் சாய்த்து ஏறி, 'பொறுப்பு' என்ற சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடைப்புக்குறியை நாளைக்கு வந்து எடுப்பதாகச் சொல்லிச் சாப்பிடப் போனார். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுக்கப்பட்டது.

சாயங்காலம் நூலகர் காற்றில் மிதந்துகொண்டு கடைக்கு வந்து, கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"இது ரசீதுங்க" என்றாள் மெல்ல.

"என்ன ரசீது?"

"நாம துணி வாங்கிட்டுக் குடுக்கறோமே, அந்த மாதிரி. துணி கைக்கு வந்துடுச்சுன்னுதான் அர்த்தம். கறை போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல."

நூலகர் அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இஸ்திரி போட்டு அதன் மேல் அடுக்கி வைத்திருந்த எட்டுச் சட்டைகளையும் மறுபடி இஸ்திரி போட வேண்டியதாயிற்று.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பெயிண்டரைத் தடுத்தார். முதல்வரிடம் உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

"அப்ப என்ன சார் பண்ணட்டும்? திரும்ப 'பொறுப்பு' எழுதிரவா?"

"எழுதாதப்பா. எடுக்கவும் எடுக்காதே. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்."

பெயிண்டர் தலையைச் சொறிந்துகொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வாசல் பலகையில் 'நூலகர் (           )' என்று இருந்தது. காலி இடத்தைக் கண்டால் மாணவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? முதல் வாரம் உள்ளே 'தூக்கம்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அழித்தார். அடுத்த வாரம் 'எங்கே?' என்று இருந்தது.

ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று, ஆறு வாரமும் போயிற்று. கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் அவருடைய மற்ற விரலும் பேச்சுக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"அப்படி என்னதான் பண்றாங்க அந்த ரெண்டு பேரும்? படிக்கறாங்களா, தூங்கறாங்களா?"

"அவங்களுக்கும் வீடு வாசல், வேலை வெட்டின்னு இருக்காதா?" என்றாள் மனைவி. "சும்மா பண்ற வேலைங்க அது. நேரம் கிடைக்கறப்பதான் படிப்பாங்க."

ஒன்பதாம் வாரம் பதில் வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இருவரும் படித்தார்கள்.

மதிப்பீட்டாளர் ஒன்று நாலே வார்த்தைதான் எழுதியிருந்தார். 'அருமையான கட்டுரை. அப்படியே வெளியிடலாம்.' நூலகர் துள்ளிக் குதித்தார். அடுத்தது மதிப்பீட்டாளர் இரண்டு. அது நாலு பக்கம் ஓடியது. வரிசை எண் போட்டு இருபத்து மூன்று கேள்விகள்.

'3. இது தேநீர்க் கறை என்று ஆசிரியர் எதை வைத்து முடிவு செய்தார்? நிறத்தை வைத்தா? எண்ணெய்க் கறையும் நாள்பட்டால் இதே நிறத்துக்கு வரும்.'

'7. எண்ணெய் ஒரு தாளோடு நிற்காது. ஒரு சொட்டு பத்துத் தாள் இறங்கும். அதை ஆசிரியர் பத்துக் கறையாக எண்ணிவிட்டாரா?'

'23. ஆசிரியர் தம் வாழ்நாளில் ஒரு கறையையாவது தம் கையால் போக்கியிருக்கிறாரா என்று அறிய ஆவல்.'

நூலகரின் காது சிவந்தது. "பாத்தியா? பாத்தியா இவன் திமிரை? இது கேள்வியா? வம்பு! போச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க."

"திருப்பி அனுப்பலைங்க. திருத்திக் கொண்டாங்கன்னு சொல்றாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியா பதில் எழுதணுமாம். ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டேன்னு, இல்லேன்னா ஏன் இல்லேன்னு, மரியாதையா எழுதணும். ஏழாவது கேள்வி நியாயமாத்தானே இருக்கு?"

"நீ யார் பக்கம்?"

மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் போட ஆரம்பித்தாள்.

அன்று முழுக்க நூலகர் யோசித்தார். கறை, எண்ணெய், நாள்பட்ட நிறம். இப்படியெல்லாம் பேசுவது யார்? பளிச்சென்று உறைத்தது. வேதியியல் பேராசிரியர்! போன வருடம் வாசிப்பறைக்குள் டீ டம்ளரோடு வந்தவரை எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பியது நினைவுக்கு வந்தது. பழி வாங்குகிறார்!

"அவரா இருக்காதுங்க" என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றே?"

"தோணுது."

"உனக்கு உலகம் தெரியலை. இதெல்லாம் கொஞ்சம் தட்டிக் கொடுத்துத்தான் சரி பண்ணணும்."

மறுநாள் வேதியியல் பேராசிரியர் நூலகத்துக்குள் நுழைந்தபோது ஜன்னலோர நாற்காலி தூசி தட்டி வைக்கப்பட்டிருந்தது. அலமாரியை விட்டு எடுக்கவே கூடாத பெரிய தொகுதிகள் அவர் மேசைக்கே வந்தன. நூலகர் தம் கையாலேயே டீயும் கொண்டுவந்து வைத்தார். பேராசிரியர் முதல் நாள் மிரண்டார். இரண்டாம் நாள் பழகிவிட்டார். மூன்றாம் நாள், "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க" என்றார். நாலாம் நாள் டீ முழுவதையும் ஒரு தொகுதியின் மேல் கவிழ்த்தார். சரியாக அந்த நேரத்தில் முதல்வர் உள்ளே வந்தார். 'உணவு, பானம் கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே, தட்டும் கையுமாக நூலகர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா இது, நூலகமா டீக்கடையா?"

நூலகருக்கு வந்த கோபம் முழுவதும் மதிப்பீட்டாளர் இரண்டின் மேல் திரும்பியது. இவ்வளவு உபசரித்தும் அந்த மனிதர் ஒரு வார்த்தை, ஒரு ஜாடை, ஒரு கண் சிமிட்டல் காட்டவில்லையே! அன்று மாலையே பேராசிரியரின் நூலக அட்டையை முடக்கினார். கடைக்குப் போய் நின்றபடியே பதிலைச் சொல்லச் சொல்ல, மனைவி தட்டச்சு செய்தாள்.

"எழுது. கேள்வி இருபத்து மூணு. 'மதிப்பீட்டாளர் இரண்டு எங்கோ சொகுசாக உட்கார்ந்துகொண்டு பேசுகிறார். பதினெட்டு ஆண்டுகள் கறையோடு வாழ்ந்தவன் நான். அவர் கறை படிந்த ஒரு துணியையாவது கையால் தொட்டிருப்பாரா என்பது சந்தேகமே.' எழுதிட்டியா?"

மனைவியின் விரல்கள் நின்றன. "இதை அனுப்பத்தான் போறீங்களா?"

"அனுப்பு!"

"இன்னொரு தரம் யோசிச்சுக்கோங்க."

"ஒரு புள்ளி குறையாம அப்படியே அனுப்பு. அந்த ஆளு படிச்சு எரியணும்!"

மனைவி பொத்தானை அழுத்தினாள். விசைப்பலகை ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

முதல் தடவை ஒன்பது வாரம் எடுத்துக்கொண்ட மதிப்பீட்டாளர் இரண்டு, இந்தத் தடவை மூன்றே நாளில் பதில் அனுப்பிவிட்டார். கேள்விகள் முப்பத்தொன்று ஆகியிருந்தன. கடைசிக் கேள்வியைக் கேட்க வேண்டுமே!

'31. பேச்சு எதற்கு? ஆசிரியர் ஒரு வெள்ளைத் துணியில் தேநீர், எண்ணெய், மை மூன்றையும் கொட்டி, வேறு எவர் உதவியும் இன்றித் தாமே துவைத்து, துவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைக்கவும்.'

அதன் கீழே ஆய்விதழின் ஆசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தார். 'இதுவே கடைசி வாய்ப்பு. நான்கு வாரங்களுக்குள் அனுப்பவும்.'

நூலகர் அதை ஜீரணிப்பதற்குள் முதல்வரிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே வேதியியல் பேராசிரியர் முடங்கிய அட்டையும் முறைத்த முகமுமாக உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் டீ குடுத்தீங்க, இந்த வாரம் அட்டையைப் புடுங்கறீங்க" என்றார் முதல்வர். "உங்களுக்கு என்னதான் ஆச்சு? ஆமா, அந்தக் கட்டுரைதான் எப்பவோ எடுத்துக்கிட்டாங்களே. அச்சுல வந்த பிரதி எங்க?"

நூலகர் எச்சில் விழுங்கினார். உண்மையைச் சொன்னார்.

"நான் இனிப்பு குடுத்தேனேய்யா" என்றார் முதல்வர். "சரி. வருஷம் முடிய ஏழு வாரம் இருக்கு. வெளி ஆள் ஒருத்தர் விண்ணப்பம் குடுத்துட்டாரு. அதுக்கு மேல என் கைல எதுவும் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகர் வீட்டுச் சமையலறையில் சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். ஒரு கிண்ணத்தில் தேநீர், ஒரு கரண்டியில் எண்ணெய், ஒரு புட்டியில் மை. மனைவி கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மூட்டையில் கையை விட்டார். பழைய வெள்ளைச் சட்டை ஒன்று அகப்பட்டது. எடுத்து விரித்து, மூன்றையும் வஞ்சனையில்லாமல் கொட்டினார். படமும் எடுத்தார். மனைவி உள்ளே வந்து பார்த்தாள்.

"அது யாரோட சட்டைன்னு தெரியுமா?"

"பழசுதானே?"

"உங்க பிரின்சிபாலோடது. அவருக்கு ராசியான சட்டையாம். நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காரு."

நூலகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீயே கதி! சீக்கிரம் எடுத்துக் குடும்மா!"

மனைவி கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். "'வேறு எவர் உதவியும் இன்றி'ன்னு போட்டிருக்கே. நான் தொட்டா அது பொய்யாயிடும். எப்படின்னு வேணா சொல்றேன். கை உங்களோடதா இருக்கட்டும்."

துவைத்தார். வெந்நீரை எடுக்கப் போனவரை, "சுட்டா கறை கெட்டியாப் பிடிச்சுக்கும், பச்சைத் தண்ணி!" என்று அவள் தடுத்தாள். எண்ணெய் மேல் பவுடரைக் கொட்டி அது உறிஞ்சும்வரை காத்திருந்தார். மையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினார். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தேநீருக்கு வினிகர். விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று. இடுப்பு கேள்வி கேட்டது. மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டார். வெயில் இறங்குவதற்குள் சட்டை பழையபடி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

"போயிடுச்சு!" நூலகர் சட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறையைச் சுற்றி ஓடினார். "நான் எடுத்தேன்! என் கையால எடுத்தேன்!"

ஓடியவர் கரண்டியைத் தட்டிவிட்டார். மிச்சமிருந்த எண்ணெய் ஒரு சொட்டு, மேசைமேல் இருந்த பழைய டெலிபோன் புத்தகத்தில் விழுந்தது. துடைக்கப் போனவர் அப்படியே நின்றார். முதல் தாளைத் திருப்பினார், கறை. இரண்டாம் தாள், கறை. எண்ணிக்கொண்டே போனார். பதினோரு தாள்!

"ஏழாவது கேள்வி!" என்று அலறினார். "அந்த ஆளு சொன்னது சரி! நான் ஒரு சொட்டைப் பதினோரு கறையா எண்ணியிருக்கேன்!"

அடுத்த மூன்று வாரம் நூலகத்தில் ஒரே அமளி. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களையும் மறுபடி இறக்கினார். முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார், தாளை விரலால் தடவினார். எது எண்ணெய், எது தேநீர் என்று இப்போது அவருக்கே தெரிந்தது. எண்ணெய்ச் சொட்டுகளை எல்லாம் ஒன்று ஒன்றாகக் குறைத்து எண்ணினால், முதல் நாற்பது பக்கங்களில் கறை கொஞ்சம்தான். நடுப் பக்கங்களில் அதைவிட அதிகம். எல்லாவற்றையும்விட அதிகம் கடைசி இருபது பக்கங்களில்!

அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது நூலகர் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருடமாக, யாரும் புத்தகத்தை முடிப்பதில்லை என்ற வருத்தத்தோடுதான் அவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். படித்திருக்கிறார்கள்! டீ ஆறிப்போவது தெரியாமல், கை துடைக்கவும் மறந்து, கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார்கள்!

கட்டுரையைத் தலைப்பு முதல் மாற்றி எழுதினார். முப்பத்தொரு கேள்விக்கும் மரியாதையாகப் பதில் எழுதினார். போன தடவை எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டார். முடிவில் ஒரு வரி சேர்த்தார். 'இந்தக் கட்டுரையைப் பிழையிலிருந்து காப்பாற்றிய, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் இரண்டுக்கு என் நன்றி.'

அதைத் தட்டச்சு செய்த மனைவி சட்டென்று எழுந்து பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"ஆவி பட்டுடுச்சு."

"அந்த மனுஷனை மட்டும் ஒரு தரம் நேர்ல பாத்தேன்னா," என்றார் நூலகர் உணர்ச்சி பொங்க, "காலம் பூரா அவர் சொன்னபடி கேப்பேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா!"

"அப்புறம் மறந்துடாதீங்க" என்று சொல்லி அவள் பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் அழுத்தினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மதிப்பீட்டாளர் இரண்டு எழுதியிருந்தது ஒரே வரி. 'இனிக் கேட்க ஒன்றுமில்லை. வெளியிடலாம்.' நூலகர் கடையில் தொங்கிய அத்தனை கோட்டுகளையும் கட்டிக்கொண்டார்.

கல்வியாண்டு முடிய நாலு நாள் இருந்தபோது ஆய்விதழ் தபாலில் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தார். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அவர் பெயர். வழக்கம்போல முதல் பக்கத்தில் முத்திரை குத்தப் போனார். அவசரத்தில் முத்திரை கோணலாக விழுந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்கு ஓடி, எல்லார் முன்னாலும் வேதியியல் பேராசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீங்க மட்டும் அந்த எண்ணெய்க் கேள்வியைக் கேக்கலேன்னா நான் அசிங்கப்பட்டிருப்பேன்!"

"எந்த எண்ணெய்?" என்றார் பேராசிரியர், கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தபடி.

"போதும் சார், ஒளிச்சது போதும்! கறை விஷயத்துல உங்களை மிஞ்ச ஆளே இல்ல!"

"கறையா? யோவ், என் சட்டைல கறை பட்டா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாது. அப்படியே கடைல கொண்டுபோய்ப் போட்டுருவேன். ஆமா, என் அட்டையை எப்ப திறந்து விடுவீங்க?"

நூலகர் குழம்பிப்போய் வெளியே வந்தார். இவர் இல்லையென்றால் வேறு யார்? ஆனால் குழப்பத்துக்கு அன்று நேரமில்லை. அவர் அறை வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. முதல்வரே கீழே நின்று, தம் ராசியான வெள்ளைச் சட்டையில் பெயிண்ட் படாமல் ஒதுங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் இடது அடைப்புக்குறியைச் சுரண்டினார். வலது அடைப்புக்குறியைச் சுரண்டினார். 'நூலகர்' என்ற சொல் மட்டும் தனியாக, நிம்மதியாக நின்றது.

நூலகர் அண்ணாந்து பார்த்தார். வாயெல்லாம் பல்லாக நின்றார். "அவ்வளவுதானேப்பா? வேலை முடிஞ்சுதா?"

"இங்க முடிஞ்சுது சார்" என்று பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி, தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "அடுத்து உங்க வீட்டம்மா கடைக்குத்தான் போறேன். உங்க கட்டுரை அச்சுல வந்தப்புறம்தான் தொடணும்னு சொல்லி வச்சிருந்தாங்க. போர்டுல அவங்க பேருக்குக் கீழ ஒரு வரி சேக்கணுமாம். நீங்களே சொல்லிருங்க சார், இந்த 'மதிப்பீட்டாளர் இரண்டு'ங்கறதை அடைப்புக்குறிக்குள்ள போடட்டுமா, வெளியில போடட்டுமா?"